இரண்டாவது பேட்டரி

விடியற்காலை நேரம். சுற்றிலும் சிவப்பு மணல் மேடுகள். ஒன்றன்பின் ஒன்றாக, கோடு போட்டு வைத்தாற்போல, ஆயிரத்துக்கும் மேற்பட்ட மேடுகள்! ஆஸ்திரேலியாவின் நட்டநடுவே கிடக்கும் சிம்ப்ஸன் பாலைவனத்தில் நிற்கிறீர்கள். கூடாரத்தைச் சுருட்டி வண்டியில் போட்டாகிவிட்டது. ஒரு டம்ளர் டீயும் ஆயிற்று. உங்கள் ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புகிறீர்கள்.

‘டிக்...’

அவ்வளவுதான். மறுபடி திருப்புகிறீர்கள். மறுபடியும் ‘டிக்...’ மூன்றாவது தடவை அந்த ‘டிக்’கூட இல்லை!

சென்னை அண்ணா சாலையில் இப்படி ஆனால் பெரிய பிரச்னை இல்லை. நாலு பேர் ஓடி வந்து, ‘கியரைப் போட்டுட்டு உக்காருங்க சார், நாங்க தள்றோம்’ என்பார்கள். இங்கே? மூன்று டன் எடையுள்ள வண்டியை மணலில் யார் தள்ளுவது? செல்போனில் சிக்னல் கிடையாது. அடுத்த வண்டி இன்றைக்கும் வரலாம், நாளை மறுநாளும் வரலாம். குடிக்க எத்தனை லிட்டர் தண்ணீர் பாக்கி இருக்கிறது என்று மனசு தானாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும்.

வில்லன் யார் தெரியுமா? வண்டியின் பின்பக்கத்தில் அப்பாவியாக உட்கார்ந்திருக்கிற குட்டி ஃப்ரிஜ்! பாலையும் தண்ணீரையும் குளிரவைக்கிறேன் பேர்வழி என்று ராத்திரி முழுக்கப் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துத் தீர்த்துவிட்டது.

இந்த ஒரு ‘டிக்’குக்குப் பயந்துதான், ஆஸ்திரேலியாவில் பாலைவனப் பயணம் போகிறவர்கள் வண்டியில் இரண்டாவதாக ஒரு பேட்டரியைப் பொருத்திக்கொள்கிறார்கள். அந்த இரண்டாவது பேட்டரியின் கதை, ஒரு தவளைக் காலில் ஆரம்பிக்கிறது.

*

இத்தாலியில், பொலோன்யா நகரத்தில் லூயிகி கால்வானி என்று ஒரு டாக்டர் இருந்தார். செத்துப்போன தவளையின் காலில் இரண்டு வேறு வேறு உலோகங்களைத் தொடவைத்தபோது, அந்தக் கால் வெடுக்கென்று துள்ளியது! 1791-ல் இதைப் பற்றி விரிவாக எழுதி வெளியிட்டார். ‘தவளையின் உடம்புக்குள் மின்சாரம் இருக்கிறது’ என்பது அவருடைய கட்சி.

பவியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அலெஸாண்ட்ரோ வோல்டா இதை ஒப்புக்கொள்ளவில்லை. தவளை வெறும் சாட்சி, மின்சாரம் வருவது அந்த இரண்டு உலோகங்களால்தான் என்றார். சொன்னதோடு நிறுத்தாமல் தவளையைத் தூக்கிப் போட்டுவிட்டு, வெள்ளித் தகடு, துத்தநாகத் தகடு, நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி அடுக்கினார், நம் வீட்டில் தோசைகளை அடுக்குவதுபோல. அடுக்கின் மேலும் கீழும் கையை வைத்தால் ‘சுரீர்’!

உலகத்தின் முதல் பேட்டரி அதுதான். 1800-ம் வருடம் மார்ச் 20-ம் தேதி வோல்டா இதை விவரித்து லண்டன் ராயல் சொஸைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். கடிதம் யார் பெயருக்கு? அப்போது சொஸைட்டியின் தலைவராக இருந்த சர் ஜோசப் பேங்க்ஸ் பெயருக்கு. இந்த பேங்க்ஸ் யார் தெரியுமா? 1770-ல் கேப்டன் குக்கின் கப்பலில் போய், ஆஸ்திரேலியாவின் பாட்டனி வளைகுடாவில் இறங்கிச் செடி கொடிகளைச் சேகரித்த அதே தாவரவியல் நிபுணர்! பேட்டரி என்ற சமாசாரமும் ஆஸ்திரேலியாவும் முதல் கடிதத்திலேயே கைகுலுக்கிக்கொண்டுவிட்டன. சரித்திரம் சில சமயம் இப்படிக் கண்ணடிக்கும்!

ஆனால், வோல்டாவின் பேட்டரியில் ஒரு பெரிய குறை. தீர்ந்தால் தீர்ந்ததுதான். மறுபடி உயிர் கொடுக்க முடியாது.

அதற்கு வழி கண்டுபிடித்தவர், காஸ்தோன் பிளாந்த்தே என்ற பிரெஞ்சுக்காரர். வருடம் 1859. இரண்டு ஈயத் தகடுகளை எடுத்து, ஒன்றை ஒன்று தொடாமல் நடுவே ரப்பர் பட்டைகளை வைத்துச் சுருட்டினார். அதை நீர்த்த கந்தக அமிலத்தில் முக்கி, வேறு பேட்டரிகளிலிருந்து மின்சாரம் செலுத்தினார். ஈயம் அந்த மின்சாரத்தை வாங்கி வைத்துக்கொண்டது. கேட்டபோது திருப்பிக் கொடுத்தது. தீர்ந்ததும் மறுபடி வாங்கிக்கொண்டது! இன்றைக்கு உங்கள் காரில் இருக்கும் பேட்டரியும், இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேட்டரியும் அந்த ஈயச் சுருளின் வாரிசுகள்தான்.

1881-ல் கமீய் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், தகட்டின் மேல் ஈய ஆக்ஸைடைப் பசைபோலக் குழைத்துப் பூசினார். பேட்டரியின் கொள்ளளவு எங்கேயோ போய்விட்டது. அந்த வருடம் பாரிஸில் சார்ஜ் செய்த ஃபோரின் பேட்டரிகளை ஒரு பெட்டியில் வைத்து, மூன்று நாள் பயணமாக கிளாஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே அதைச் சோதித்துப் பார்த்தவர், பிற்பாடு லார்டு கெல்வின் என்று பெயர் பெற்ற வில்லியம் தாம்ஸன். மனுஷர் அசந்துபோனார். மின்சாரத்தைப் பெட்டியில் போட்டு ஊர்விட்டு ஊர் எடுத்துப் போகலாம் என்பதே அப்போது பத்திரிகைச் செய்தி!

*

இனி காருக்கு வருவோம்.

ஆரம்ப காலத்தில் காரைக் கிளப்புவது பயில்வான் வேலை. முன்பக்கம் குனிந்து, இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். இன்ஜின் சில சமயம் கோபித்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக உதைக்கும். மணிக்கட்டு முறியும். பைரன் கார்ட்டர் என்ற அமெரிக்கக் கார் தயாரிப்பாளர் இப்படி அடிபட்டு, அதைத் தொடர்ந்து 1908-ல் இறந்துபோனார் என்றும், அந்த வருத்தத்தில்தான் காடிலாக் கம்பெனியின் தலைவர் ஹென்றி லேலண்ட் ‘இந்தக் கைப்பிடி என் கார்களில் இனி வேண்டாம்’ என்று முடிவெடுத்தார் என்றும் ஒரு கதை உண்டு.

தீர்வு கண்டுபிடித்தவர் சார்லஸ் கெட்டரிங். கடைகளில் உபயோகிக்கும் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின்சார மோட்டார் பொருத்தியவர் அவர். ‘காரை மோட்டாரால் கிளப்ப வேண்டுமென்றால், அந்த மோட்டாரே இன்ஜின் அளவுக்கு இருக்க வேண்டுமே’ என்று எல்லோரும் கை விரித்தார்கள். கெட்டரிங், கல்லாப்பெட்டி அனுபவத்தில் யோசித்தார். ‘மோட்டார் நாள் முழுக்கவா ஓடப்போகிறது? சில விநாடிதானே! சின்ன மோட்டாருக்கு அந்தச் சில விநாடி மட்டும் அளவுக்கு மீறி மின்சாரம் கொடுத்தால் என்ன?’

1912 மாடல் காடிலாக் காரில் இந்த செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. கூடவே காருக்குள் பேட்டரிக்கு நிரந்தரமாக ஓர் இடமும் கிடைத்தது.

கெட்டரிங் பேட்டரியிடம் கேட்டது என்ன என்பதைக் கவனியுங்கள். சில விநாடிகள் மட்டும் அசுர பலம். ஒரு டீசல் வண்டியைக் கிளப்ப 400 ஆம்பியர் மின்சாரம், 3 விநாடி தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப் போட்டால், 70 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் அரை சதவிகிதம்கூடச் செலவாகவில்லை! இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் ஆல்டர்னேட்டர் அதை உடனே நிரப்பிவிடும். இதற்கு ஏற்றபடி, கார் பேட்டரிக்குள் மெல்லிய தகடுகளை நிறைய அடுக்கி வைத்தார்கள். தகடுகள் அதிகமானால், அமிலம் தொடும் பரப்பும் அதிகம். ஒரே நேரத்தில் நிறைய மின்சாரம் கொட்டும்.

ஆனால் அந்த மெல்லிய தகடுகளால் பட்டினி கிடக்க முடியாது. அடிமட்டம் வரை சில தடவை காலி செய்தாலே பேட்டரியின் ஆயுள் முடிந்துவிடும். கார் பேட்டரி என்பது நூறு மீட்டர் ஓட்டக்காரர். அவரைப் போய் பழநிக்குப் பாதயாத்திரை கூட்டிப்போனால் பாதி வழியில் விழுந்துவிடுவார்!

*

இப்போது ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுக்குப் போவோம். ‘அவுட்பேக்’ என்று அவர்கள் சொல்லும் அந்தப் பிரதேசத்தில், ஒரு பண்ணை வீட்டுக்கும் அடுத்த பண்ணை வீட்டுக்கும் நடுவே நூறு, இருநூறு கிலோ மீட்டர் இருப்பதெல்லாம் சர்வசாதாரணம். குழந்தைக்கு ஜன்னி வந்தாலும், குதிரையிலிருந்து விழுந்து கால் முறிந்தாலும், டாக்டர் என்பவர் பல நாள் தூரத்தில் இருந்தார்.

ஜான் ஃப்ளின் என்ற பாதிரியார், ‘டாக்டரை விமானத்தில் அனுப்பினால் என்ன?’ என்று யோசித்தார். 1928, மே மாதம் குயின்ஸ்லாந்தின் க்ளோன்கரி என்ற ஊரிலிருந்து பறக்கும் டாக்டர் சேவை ஆரம்பமானது. சரி, டாக்டரைக் கூப்பிடுவது எப்படி? ரேடியோ வேண்டும். ரேடியோவுக்கு மின்சாரம் வேண்டும். வீட்டில் கரண்ட் கிடையாது. கனமான பேட்டரிகளைப் பாலைவனத்தில் இழுத்துக்கொண்டு போவதும், அவற்றை உயிரோடு வைத்திருப்பதும் நடக்காத காரியம்.

அடிலெய்டு நகரத்து இன்ஜினியர் ஆல்ஃபிரட் ட்ரேகர் இதற்கு ஓர் அபாரமான வழி கண்டுபிடித்தார். சைக்கிள் பெடல்! மேஜைக்கு அடியில் ஒரு சின்ன ஜெனரேட்டர். உட்கார்ந்தபடி காலால் மிதித்தால் 20 வாட் அளவுக்கு மின்சாரம் வரும். காலால் மிதித்துக்கொண்டே கையால் தந்தி அடிக்கலாம். 1929-லிருந்து அவுட்பேக் வீடுகளில் இந்தப் பெடல் ரேடியோ வர ஆரம்பித்தது. எத்தனையோ அம்மாக்கள், காய்ச்சலில் கிடக்கும் குழந்தையை ஒரு கண்ணால் பார்த்தபடி, பெடலை மிதித்து டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். 1994-ல் வெளியான ஆஸ்திரேலியாவின் 20 டாலர் பிளாஸ்டிக் நோட்டில் ஃப்ளின்னின் படத்தோடு இந்தப் பெடல் கருவிக்கும் இடம் கொடுத்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்த மண்ணில் கைவசம் கொஞ்சம் மின்சாரம் இருப்பது என்பது வசதி சம்பந்தப்பட்ட விஷயமாக இருக்கவே இல்லை. உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்!

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மோட்டார் வண்டிகள் உள்ளே நுழைந்தன. லென் பீடல் என்ற சர்வேயர் ஒரு சின்னக் கோஷ்டியையும் புல்டோஸரையும் கூட்டிக்கொண்டு, 1955-லிருந்து 1963-க்குள் 6,000 கிலோ மீட்டருக்கு மேல் பாலைவனப் பாதை போட்டார். அதில் பிரபலமானது கன்பேரல் ஹைவே. ‘துப்பாக்கிக் குழாய்’ மாதிரி நேராக இருக்க வேண்டும் என்பது அவருடைய பிடிவாதம்! 1962-ல் ரெக் ஸ்ப்ரிக் என்ற புவியியல் நிபுணர், மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் நிஸான் பேட்ரோல் வண்டியில் ஏற்றிக்கொண்டு சிம்ப்ஸன் பாலைவனத்தைக் குறுக்கே கடந்தார். அந்த மணல் மேடுகளை மோட்டார் வண்டியில் முழுசாகக் கடந்த முதல் மனிதர்கள் அந்தக் குடும்பம்தான்.

மறு வருடமே பாலைவனம் தன் இன்னொரு முகத்தைக் காட்டியது. 1963 டிசம்பர். கடும் கோடை. பேர்ட்ஸ்வில் பாதையில் காரில் போன ஒரு குடும்பம், பெட்ரோல் தீர்ந்து நின்றுவிட்டது. தண்ணீர் தேடி வண்டியை விட்டுவிட்டு நடந்தார்கள். ஐந்து பேரும் தாகத்தில் இறந்துபோனார்கள். அவர்களிடம் உதவி கேட்க வழி இல்லை. ‘வண்டி நின்றுவிட்டால், வண்டியை விட்டு நகராதே’ என்ற விதியை இன்றைக்கும் ஆஸ்திரேலியாவில் பயணம் கிளம்புகிற ஒவ்வொருவருக்கும் சொல்லி அனுப்புகிறார்கள். வண்டி என்பது நிழல். வண்டி என்பது தண்ணீர். வானத்திலிருந்து தேடுகிறவர்களுக்குச் சுலபமாகக் கண்ணில் படுவதும் வண்டிதான். அதில் வேலை செய்யும் ரேடியோவும் இருந்துவிட்டால், பாதிப் பிழைத்த மாதிரி!

*

1970, 80-களில் ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் சாதாரணக் குடும்பங்களுக்கும் வந்தன. ரிட்டயர் ஆன தம்பதிகள் மாதக்கணக்கில் நாட்டைச் சுற்ற ஆரம்பித்தார்கள். சாப்பாட்டைக் கெடாமல் வைப்பது எப்படி என்ற பழைய கேள்வி மறுபடி தலைதூக்கியது.

1890-களில் கூல்கார்டி தங்க வயல்களில் ஒரு வழி இருந்தது. பெட்டியைச் சுற்றி ஈரக் கோணியைத் தொங்கவிடுவார்கள். காற்று பட்டு, ஈரம் ஆவியாகி, உள்ளே குளிரும். நம் ஊர் மண்பானைத் தத்துவம்தான். அப்புறம் ஐஸ் பெட்டி வந்தது. ஐஸ் இரண்டு மூன்று நாளில் தண்ணீராகிவிடும். கடைசியாக 12 வோல்ட்டில் ஓடும் கம்ப்ரெஸர் ஃப்ரிஜ் வந்தது.

இந்த ஃப்ரிஜ் ஓடும்போது 3, 4 ஆம்பியர்தான் இழுக்கும். ஸ்டார்ட்டர் மோட்டாரோடு ஒப்பிட்டால் கொசுக்கடி! ஆனால் ஸ்டார்ட்டர் 3 விநாடியில் எழுந்து போய்விடும். ஃப்ரிஜ் போகாது. நின்று நின்று ஓடி, வெயில் நாளில் 24 மணி நேரத்துக்கு 40, 50 ஆம்பியர்-ஹவர் வரை குடித்துவிடும். இரண்டு நாள் ஒரே இடத்தில் முகாம் போட்டால் கார் பேட்டரி காலி.

அதனால்தான் இரண்டாவது பேட்டரி. இதற்குள் தகடுகள் தடிமனாக இருக்கும். அசுர பலம் வராது. ஆனால் நிதானமாக, ஆழம் வரை மின்சாரத்தைக் கொடுத்துவிட்டு மறுபடி நிரம்பும். ‘டீப் சைக்கிள்’ என்று பெயர். நம் பழநிப் பாதயாத்திரைக்காரர் இவர்தான்! உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் இதே ஜாதி.

இரண்டையும் சும்மா ஒயரால் இணைத்துவிட்டால் என்ன ஆகும்? ஃப்ரிஜ் இரண்டையும் சேர்த்தே குடித்துவிடும்! நடுவே ஒரு வாட்ச்மேன் வேண்டும். முதலில் அந்த வாட்ச்மேன் ஒரு கை ஸ்விட்ச். ராத்திரி அணைக்க மறந்தால் தொலைந்தது. அப்புறம், சாவியைப் போட்டால் தானே இணைக்கும் ரிலே வந்தது. அதற்கு அடுத்து, வோல்ட்டேஜைப் பார்த்து முடிவெடுக்கும் ரிலே. இன்ஜின் ஓடி 13.3 வோல்ட் வாக்கில் ஏறினால் கதவைத் திறக்கும். இன்ஜின் நின்று 12.8 வாக்கில் இறங்கினால் கதவைச் சாத்தும். 2010-களில் எரிபொருளை மிச்சம் பிடிப்பதற்காக ஆல்டர்னேட்டரின் வோல்ட்டேஜை அடிக்கடி குறைத்துவிடும் ‘ஸ்மார்ட்’ வண்டிகள் பெருகியபோது அந்த ரிலேவும் குழம்பிப் போயிற்று. இப்போது டிசி-டிசி சார்ஜர் என்ற பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. உள்ளே வருவது எந்த வோல்ட்டேஜாக இருந்தாலும், இரண்டாவது பேட்டரிக்கு எது தேவையோ அதைச் சமைத்துக் கொடுக்கும்.

*

சரி, இரண்டாவது பேட்டரியைப் பொருத்திவிட்டால் கவலை விட்டதா? அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். முதல் பேட்டரி செத்தால் வண்டி உடனே சொல்லிவிடும். இரண்டாவது பேட்டரி செத்துக்கொண்டிருப்பது யாருக்கும் தெரியாது. அதற்கு ஐந்து எதிரிகள்.

முதல் எதிரி, பட்டினி. ஈய பேட்டரி மின்சாரத்தைக் கொடுக்கும்போது, தகடுகளின் மேல் ஈய சல்ஃபேட் படியும். உடனே சார்ஜ் செய்தால் அது கரைந்துவிடும். நாள்கணக்கில் அப்படியே விட்டால் கெட்டியான படிகமாக இறுகிவிடும். அப்புறம் தகட்டின் அந்தப் பகுதி செத்த மாதிரிதான். ஆகவே, பாதிக்குக் கீழே இறக்காதீர்கள். ஒரு சின்ன வோல்ட் மீட்டர் போதும். சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரி 12.7 வோல்ட் காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 11.9-க்குக் கீழே போனால் அபாய மணி!

இதில் இன்னொரு சூட்சுமம். ‘இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டினேனே, நிரம்பியிருக்கும்’ என்று நினைப்பது தப்பு. ஈய பேட்டரி முதல் முக்கால் வயிற்றை வேகமாகச் சாப்பிடும். கடைசிக் கால் பாகத்துக்குப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும், சாப்பாட்டில் அடம்பிடிக்கும் குழந்தை மாதிரி. அதனால்தான் வண்டிக்கூரையில் ஒரு சோலார் பேனலும், வீட்டுக்கு வந்ததும் ராத்திரி முழுக்க ஒரு நல்ல சார்ஜரும் தேவைப்படுகின்றன.

இரண்டாவது எதிரி, சூடு. பேட்டரியின் வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் அதன் ஆயுள் சுமார் பாதியாகும் என்பது மெக்கானிக்குகள் சொல்லும் பொதுக் கணக்கு. இன்ஜினுக்குப் பக்கத்தில் பானட்டுக்கு அடியில் எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. 1957-ல் ஜெர்மனியில் ஜெல் பேட்டரியும், 1970-களில் அமெரிக்காவில் அமிலத்தைக் கண்ணாடி நார்ப் பாயில் உறிஞ்சவைத்த ஏஜிஎம் பேட்டரியும் வந்தன. கவிழ்ந்தாலும் கொட்டாது, தண்ணீர் ஊற்றவேண்டாம். சௌகரியம்தான்! ஆனால் சூட்டில் ஒரு தடவை தண்ணீரை இழந்துவிட்டால் திரும்ப ஊற்றவும் முடியாது. ஆகவே, அவற்றைப் பானட்டுக்கு அடியில் வைக்காமல் வண்டியின் பின்பக்கம் வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

மூன்றாவது, குலுக்கல். அவுட்பேக் மண் ரோடுகள் துணி துவைக்கும் பலகைபோலச் சின்னச் சின்ன அலைகளாக இருக்கும். நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் ‘தடதட’வென்று போனால், தகட்டில் பூசிய பசை உதிரும். போல்ட்டுகள் தளரும். பேட்டரியைத் தாங்கும் சட்டத்தையும் கிளாம்ப்பையும் தினமும் சாயங்காலம் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் முறுக்குங்கள். ஒரு நிமிஷ வேலை!

நாலாவது, மெல்லிய ஒயர். முன்னாலிருந்து பின்னால் வரை ஐந்தாறு மீட்டர் தூரம். காசை மிச்சம் பிடித்து மெல்லிய ஒயர் போட்டால், முன்னால் 14.4 வோல்ட்டாகக் கிளம்புவது பின்னால் 13.6 ஆகப் போய்ச் சேரும். பேட்டரி ஒருநாளும் நிரம்பாது. டிசி-டிசி சார்ஜர் போட்டாலும் தடி ஒயர்தான் நல்லது. ஒயரின் இரண்டு முனையிலும் ஃப்யூஸ் அவசியம். ‘ஒன்று போதாதா?’ என்பீர்கள். இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கிறதே! நடுவே ஒயர் உரசிக் கிழிந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் மின்சாரம் பாயும். தீப்பிடித்தால், பாலைவனத்தில் ஃபயர் சர்வீஸ் வராது.

ஐந்தாவதுதான் மோசமான எதிரி. மறதி! டூர் முடிந்து வந்ததும் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு அடுத்த வருடம்தான் திறக்கிறோம். பேட்டரி சும்மா இருந்தாலும் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். உள்ளே சின்ன கடிகாரமோ மீட்டரோ ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் வேகம். மாதம் ஒருமுறை முழு சார்ஜ் போடுங்கள். மூடி திறக்கிற ரகம் என்றால், டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது, அமிலமும் கூடாது. சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும் என்பதால் பக்கத்தில் பீடி, சிகரெட் ஆகாது. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால், சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்துக் கழுவித் துடைத்துவிடுங்கள். அந்தக் கரைசல் பேட்டரிக்குள் போய்விடாமல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும். ஒயரைக் கழற்றும்போது நெகடிவ் முதலில், மாட்டும்போது நெகடிவ் கடைசியில்.

‘இத்தனை தொல்லை எதற்கு? லித்தியம் வாங்கிவிடலாமே’ என்று கேட்கலாம். வாங்கலாம்! ஜான் குட்இனஃப் என்ற விஞ்ஞானியின் டெக்ஸாஸ் சோதனைச்சாலையில் 1990-களில் உருவான லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் ரகம்தான் இப்போது இந்த வண்டிகளில் வேகமாக இடம் பிடிக்கிறது. 2019-ல் நோபல் பரிசு வாங்கியபோது மனுஷருக்கு வயது 97! அதே கொள்ளளவுக்கு எடை பாதிக்கும் குறைவு. எண்பது சதவிகிதம் காலி செய்தாலும் கோபித்துக்கொள்ளாது. பாதி சார்ஜில் கிடந்தாலும் சல்ஃபேட் தொல்லை இல்லை. ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. பூஜ்ய டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது அதை சார்ஜ் செய்யக் கூடாது. பாலைவனத்தில் ஏது குளிர் என்கிறீர்களா? ஜூலை மாத ராத்திரிகளில் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவது சகஜம்! உள்ளே இருக்கும் கன்ட்ரோல் சர்க்யூட் அப்போது கதவைச் சாத்திக்கொள்ளும். பயந்து போகாமல் சூரியன் ஏறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பழைய ஈய பேட்டரிக்கு வாங்கிய சார்ஜரையே இதற்கும் உபயோகிக்கலாம் என்று நினைக்காமல், லித்தியத்துக்கு ஏற்றதா என்று பார்த்துக்கொள்வதும் முக்கியம்.

*

கடைசியாக ஒன்று. இரண்டாவது பேட்டரி எதற்கு என்று யாரைக் கேட்டாலும், ‘ஃப்ரிஜ்ஜுக்கு’ என்பார்கள். உண்மையில் அது முதல் பேட்டரிக்காக! முதல் பேட்டரியை யாரும் தொடாமல் காவல் காப்பதுதான் அதன் நிஜமான வேலை. என்றைக்காவது முதல் பேட்டரியே கைவிட்டால், ஜம்ப்பர் கேபிள் போட்டு வண்டியைக் கிளப்ப இது கை கொடுக்கலாம். அதுவும் முடியாமல் வண்டி கிளம்பவே மறுத்தால், ரேடியோவுக்கோ சாட்டிலைட் போனுக்கோ உயிர் கொடுக்கும். ட்ரேகரின் பெடல் அன்றைக்குச் செய்த அதே வேலை!

சிம்ப்ஸன் பாலைவனத்துக்கு மறுபடி போவோம். அதே விடியற்காலை. அதே மணல் மேடுகள். ஃப்ரிஜ்ஜிலிருந்து சில்லென்று பாலை எடுத்து டீ போட்டுக் குடிக்கிறீர்கள். ராத்திரி அதைக் குளிரவைத்தது இரண்டாவது பேட்டரி. நேற்று சாயங்காலம் நீங்கள் சோம்பல் பார்க்காமல் பானட்டைத் திறந்து கிளாம்ப்பை ஆட்டிப் பார்த்தீர்கள், வோல்ட் மீட்டரை ஒரு பார்வை பார்த்தீர்கள். இப்போது சாவியைத் திருப்புகிறீர்கள்.

‘விர்ர்ரூம்...’

அந்தச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு தவளைக் கால் இருக்கிறது. ஓர் ஈயச் சுருள் இருக்கிறது. காய்ச்சலில் கிடந்த குழந்தைக்காகப் பெடல் மிதித்த ஒரு தாய் இருக்கிறாள். கூடவே, நேற்று நீங்கள் செலவழித்த அந்த ஒரு நிமிஷமும் இருக்கிறது.

அது சரி... உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை மாசமாச்சு?